பெட்டிக்குள் வைத்த பொட்டு

உ

அண்ணனூர்,
வியாழக்கிழமை, 9-10.

அன்பு மகன் வரதனுக்கு அம்மா கன்னியம்மாள் எழுதுவது.

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதலில் இதைப் படி. இருதயராஜ் தம்பி உன்னிடம் ஒரு நீலப் பெட்டி கொடுத்திருந்தால் அதைச் சார்ஜ் போடாதே. சட்டைக்குள் வைத்துக்கொள்ளாதே. படுக்கும் இடத்திலும் மண்ணெண்ணெய் அடுப்பு எரியும் இடத்திலும் வைக்காதே. ஆட்டாமல் அசைக்காமல் எடுத்துப் போய் வெளியே தனியாக ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு வந்து மிச்சக் கடிதத்தைப் படி.

வைத்துவிட்டாயா?

சரி. இப்போது சொல்கிறேன். என் கடிதங்களை எப்போதும் பேத்தி பிரியாதான் எழுதுவாள். நான் சொல்லச் சொல்ல அவள் நாலு வார்த்தையை இரண்டாக்கி எழுதி, கடைசியில் படித்துக் காட்டுவாள். இந்தக் கடிதம் நானே எழுதுவது. அவளுக்குத் தெரியாது. அவள் அம்மா சுதாவுக்கும் தெரியாது. நான் ஐந்தாவதோடு நின்றவள்தான், ஆனாலும் என் கையெழுத்தை எங்கள் வாத்தியார் பலகைக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார். இன்றைக்கு அவசரத்தில் எழுதுகிறேன். அடித்தல் திருத்தலைப் பொறுத்துக்கொள்.

உனக்கு இன்னும் அந்தப் பெட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. திறந்து பார்த்ததும் நீ அசந்து போக வேண்டும் என்று நீ கீழே இறங்கிப் பேசியபோதும் பிரியா போனில் மூச்சு விடவில்லை. அது உன் மகள் செய்த விளையாட்டுப் பெட்டி நைனா. கையில் பிடித்துக்கொண்டு விளையாடுவது. போன லீவு முடிந்து கிளம்பும்போது ரயிலடியில் நீ சொன்னாயே, மேலே பனிமலையில் போனுக்கு டவர் கிடையாது, நாலு மணிக்கே இருட்டிவிடும், ஆடி ஆடிச் சீட்டுக்கட்டில் ராணிக்கும் மீசைக்காரனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று. நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நாங்களும் சிரித்தோம். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றால் பாலிடெக்னிக் பையைத் தரையில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். சுதா கம்பெனிக்கு எடுத்துப் போன பழைய நீல டிபன் டப்பாதான் பெட்டிக்கு உடம்பு. உள்ளே தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் பலகை. முன்னால் ஒரு சின்னத் திரை. பட்டன்கள் நம் செத்துப்போன டிவி ரிமோட்டில் பிடுங்கியவை. விளையாட்டையும் அவளே எழுதியிருக்கிறாள். நம் கார்ஷெட்தான் விளையாட்டு. மின்சார ரயில்களை ஒன்றோடொன்று முட்டாமல் உள்ளே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். தண்டவாளத்தில் மாடு வரும். மாட்டை ஓட்ட ஒரு கிழவி துடைப்பத்தோடு வருவாள். "இன்னாடி, என் மூக்கு இம்மாம் பெருசாவா கீது" என்று கேட்டேன். "சின்னதா போட்டா நீன்னு யாருக்கும் தெரியல ஆயா" என்றாள்.

பேட்டரிதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. முதலில் சார்ஜ் ஏற்றுகிற பென்சில் செல் நாலு போட்டாள். ஒரு மணி நேரத்தில் திரை மங்கி ரயிலெல்லாம் நிழலாகப் போனது. பிறகு பவர் பேங்க். அது டப்பாவுக்குள் அடங்கவில்லை. கடைசியில் காலேஜில் உடைத்துப் போட்ட லேப்டாப் பேட்டரியைக் கேட்டு வாங்கி, உள்ளே இருந்த ஆறு செல்லையும் அளந்து பார்த்து, நல்லதாக இரண்டைப் பொறுக்கினாள். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பருமன், ஆள்காட்டி விரல் நீளம். சிமெண்ட் தரையில் வைத்து மூன்று நாள் சார்ஜ் ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தாள். நடுநடுவே புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல. அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தாள் நைனா. இதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள். அவள் பக்கம் ஒரு குறையும் இல்லை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. குழாயடியில் முனியம்மாவிடம் சொன்னேன். "பொட்டப் புள்ள வெளையாட்டு சாமான் செஞ்சிகினு கீறா, அத்த போய் பெரிய சேதியா சொல்ல வந்துட்ட" என்றாள். "உன் பேரனுக்கு பல்பு மாட்டத் தெரியுமாடி" என்று கேட்டேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

பேட்டரி வைத்த சாமானைக் கூரியர்காரன் எடுக்க மாட்டேன் என்றுவிட்டான். அப்போதுதான் உன் யூனிட்டிலிருந்து லீவில் வந்திருந்த இருதயராஜ் ஞாபகம் வந்தது. பட்டாபிராமிலிருந்து அவனே வந்து பார்த்தான். பிரியா பின்மூடியைக் கழற்றி, சிம் கிடையாது, வயர்லெஸ் கிடையாது என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். "கீழ கேம்ப்ல ஆபீசர் கையில காட்டிட்டுதான் மேல எடுத்துனு போவேன், சரியா பாப்பா" என்றான். அப்போது அவள் அவனுக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தாள். செல் குளிர்ந்து கிடக்கும்போது சார்ஜ் ஏற்றினால் கெட்டுவிடுமாம். அதனால் அப்பா முதலில் அரைமணி நேரம் பெட்டியைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துச் சூடாக்க வேண்டும், பிறகுதான் சார்ஜ் போட வேண்டும். மறந்துவிடக் கூடாது என்று மூடியின் மேலேயே மார்க்கரால் எழுதிவிட்டாள்: "முதலில் நெஞ்சு, பிறகு சார்ஜ்."

அன்றைக்கு அதைப் படித்தபோது கண் கலங்கியது. இன்றைக்கு அதே எழுத்தை நினைத்துத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

ஆயுத பூஜை அன்றைக்குப் பெட்டியும் பூஜையில் இருந்தது. உன் அப்பா போனதிலிருந்து பூஜைச் சாமானில் நான் கை வைப்பதில்லை என்று உனக்குத் தெரியும். அரிவாள்மனை, கத்திரிக்கோல், உன் பழைய சைக்கிள், எல்லாவற்றுக்கும் சுதாதான் சந்தனம் குங்குமம் வைப்பாள். நான் தள்ளி உட்கார்ந்து பொரியும் கடலையும் கலப்பேன். யாரும் என்னைத் தள்ளி இருக்கச் சொன்னதில்லை. நானாகத்தான் இருந்தேன்.

சுதா மூடியின் மேல் பொட்டு வைத்தாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மனம் அடங்கவில்லை. மூடியில் வைத்தது ரயிலில் போகும்போதே அழிந்துவிடும். அதன் உயிர் உள்ளே அல்லவா இருக்கிறது? அரிவாள்மனைக்குப் பிடியிலா வைக்கிறோம், அலகில்தானே வைக்கிறோம்? என் பேத்தி செய்தது, என் மகன் கைக்குப் போகிறது, பனிமலைக்குப் போகிறது. என் கையாலும் ஒரு பொட்டு இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். முனியம்மா வீட்டுக்குப் பொரி கொடுக்க அவர்கள் இரண்டு பேரும் போன நேரம் பார்த்து, பிரியாவின் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பின்மூடியைத் திறந்தேன். கள்ளியைப் போல.

இரண்டு செல்லின் தலையிலும் மஞ்சளாக ஒரு டேப் ஒட்டியிருந்தது. ஓரமெல்லாம் பிசின். ஆஸ்பத்திரியில் ஒட்டிப் பிய்த்த பிளாஸ்திரி மாதிரி இருந்தது. பெண் அவசரத்தில் பழைய டேப்பை ஒட்டியிருக்கிறாள், அழுக்கோடு சாமிக்கு வைக்கலாமா என்று உரித்துவிட்டேன். அதோடு சேர்ந்து ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் காகித வட்டம், நடுவே ஓட்டை போட்டது, அதுவும் வந்துவிட்டது. எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன். முந்தானையால் துடைத்து, ஒவ்வொரு தலையிலும் சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தேன். பிறகு பிரியாவின் பென்சில் டப்பாவிலிருந்து செல்லோ டேப் எடுத்துப் பளபளவென்று ஒட்டிவிட்டேன். என் வேலையைப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன். மூடியை மாட்டும்போது மூன்று ஸ்க்ரூ ஏறியது, நாலாவது ஏறவில்லை. அவர்கள் பேச்சுக்குரல் தெருவில் கேட்டது. அதைச் சுருக்குப்பைக்குள் போட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை இருதயராஜ் வந்து பெட்டியை வாங்கிப் போய்விட்டான்.

இன்று காலை எமர்ஜென்சி லைட் எரியவில்லை என்று ஆவடி மார்க்கெட்டில் கோகுல்நாத் கடைக்கு எடுத்துப் போனேன். பேட்டரி வண்டிகளுக்கெல்லாம் வேலை பார்க்கிற பையன். மேஜை மேல் அதே மாதிரி செல்கள், அதே மஞ்சள் டேப். ஓரம் கொஞ்சம் எழும்பியிருந்ததை நான் விரலால் நெருட, "ஆயா, அத்த தொடாத!" என்று கத்தினான். ஏண்டா இந்த அழுக்கு டேப்பு என்று கேட்டேன். "அழுக்கா? இதான் ஆயா அதுக்குக் கோமணம். அவுத்தா மானமும் போச்சு, ஊடும் போச்சு" என்றான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு விளக்கிச் சொன்னான். தலையில் நடுவே மொட்டு மாதிரி இருப்பது ஒரு பக்கம். அதைச் சுற்றியிருக்கும் விளிம்பும் கீழே உடம்பும் மறுபக்கம். நடுவே மயிரிழை இடம்தான். அந்தக் காகித வட்டமும் டேப்பும்தான் இரண்டையும் பிரித்து வைக்கின்றன. அது இல்லாமல் தகடோ கம்பியோ அசைந்து இரண்டையும் தொட்டுவிட்டால் சுவிட்சை அணைத்து வைத்திருந்தாலும் ஒன்றுதான், உள்ளுக்குள்ளேயே கொதித்துத் தீப் பிடித்துவிடுமாம். மேஜை ஓரத்தில் ஒரு கரிந்த வட்டத்தைக் காட்டினான். இட்லித் தட்டு அளவு இருந்தது. "ஒரே ஒரு செல்லு ஆயா, அது பண்ண வேலை" என்றான்.

சந்தனம் பட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "இன்னா ஆயா, அதுக்குக் கல்யாணம் பண்ணி வெக்கப் போறியா" என்று சிரித்தவன் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். ஈரம் ஆகாது, குங்குமத்தில் சுண்ணாம்புக் காரம் இருக்கும், அது தகட்டை அரிக்கும் என்றான். செல்லோ டேப் ஒட்டினால் போதாதா என்றேன். சூடு பட்டால் இளகி விட்டுவிடும் என்றான். "யார் ஊட்டுல ஆயா இந்த வேலை?" என்று கேட்டான். முனியம்மா ஊட்டுல என்று சொல்லிவிட்டேன். லைட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஸ்டேஷனில் நின்றபடி இருதயராஜ் எண்ணுக்கு ஒன்பது முறை போட்டேன். அணைந்திருந்தது. அங்கிருந்தே பட்டாபிராமுக்கு ரயிலேறி அவன் மனைவியைப் பார்த்தேன். நேற்று சாயங்காலம் கீழ் கேம்ப்பிலிருந்து பேசினானாம். போனை ஒப்படைத்துவிட்டானாம். திங்கட்கிழமை வண்டி மேலே போகிறதாம். என்ன விஷயம் அத்தை என்று கேட்டாள். வரதனுக்கு வடகம் கொடுத்தனுப்ப மறந்துவிட்டேன் என்றேன். ஒரே நாளில் இரண்டு பொய்.

நாளைக் காலை இதை ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன். திங்கட்கிழமைக்கு நடுவில் இரண்டு நாள் இருக்கிறது. வந்துவிடும், இல்லையா? சுதாவிடம் சொல்ல வாய் வரவில்லை நைனா. அந்தப் பெட்டியில் நான் கை வைத்தேன் என்பதே ஒரு பேச்சாகும். தாலி இழந்தவள் கை பட்டதால் வந்தது என்று முனியம்மா சொல்லுவாள். சுதா சொல்ல மாட்டாள். ஆனால் நினைக்க மாட்டாளா? நானே நினைக்கிறேனே. டேப்பால் வருமோ, என் கையால் வருமோ என்று மாறி மாறி நினைக்கிறேன். கோகுல்நாத் பேட்டரியைப் பற்றி எல்லாம் சொன்னான், இதை மட்டும் நான் அவனிடம் கேட்கவில்லை.

அந்த நாலாவது ஸ்க்ரூவை இந்தக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். பெட்டியில் எந்த மூலை காலியாக இருக்கிறதோ அதற்கு உரியது. நீ அங்கே பத்திரமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை உன் கையால் பிரிக்க வேண்டும். வேறு யாரும் பிரித்துப் படிக்கும்படி ஆகக் கூடாது.

இப்படிக்கு,
உன் அம்மா
கன்னியம்மாள்


உ

அண்ணனூர்,
சனிக்கிழமை, 11-10.

வரதா,

இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தால் இதை இரண்டாவதாகப் படி. இது மட்டும் முதலில் வந்தால், நீலப் பெட்டியைச் சார்ஜ் போடாதே, உடம்போடு வைத்துக்கொள்ளாதே, வெளியே தனியாக வை. காரணம் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. நான்தான் காரணம்.

நேற்றுப் போஸ்ட் ஆபீசில் கவுண்டரில் இருந்த பெண் உன் ஏ.பி.ஓ. என்கிற பட்டாளத்து விலாசத்தைப் பார்த்துவிட்டு, பத்து நாளும் ஆகலாம் பதினைந்து நாளும் ஆகலாம் பாட்டிம்மா, மேலே பனி விழுந்தால் இன்னும் ஆகும் என்றாள். திங்கட்கிழமைக்குள் போகாதா என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும். சிரிக்காமல், சீக்கிரம் வேணும்னா போன் பண்ணிடுங்க என்றாள். கடிதத்தைக் கொடுத்துவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என் பெரிய கையெழுத்தெல்லாம் எதற்கு உதவிற்று? எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் வேலை முடிந்து போய்விட்டார்கள்.

உங்கள் யூனிட் எண் சுதா போனில் மட்டும்தான் இருக்கிறது. அவளிடம் சொல்லாமல் வழியில்லை. வீட்டில் வைத்துச் சொன்னால் பிரியா காதில் விழும். அதனால் சாயங்காலம் அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் போய், அம்பத்தூரிலிருந்து வரும் ரயிலுக்காக நின்றேன். இரண்டு வண்டி போயிற்று. மூன்றாவதில் இறங்கினாள். என்னைப் பிளாட்பாரத்தில் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "இன்னா அத்தை, அவருக்கு இன்னா?" என்றுதான் முதலில் கேட்டாள். பட்டாளத்தான் பெண்டாட்டிக்கு அந்தக் கேள்வி எப்போதும் வாயிலேயே இருக்கிறது. ஒன்றும் இல்லை என்று சொல்ல வந்தவள் சொல்ல முடியாமல் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டேப்பைச் சொன்னேன், வட்டத்தைச் சொன்னேன், சந்தனத்தைச் சொன்னேன். என் கை என்று சொல்லும்போது மட்டும் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

சுதா டிபன் பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "பொட்டு வெச்சது தப்பில்ல அத்தை. எங்கிட்ட சொல்லாம வெச்சீங்க பாருங்க, அதான் தப்பு. சொல்லியிருந்தா பூஜையிலயே எல்லார் எதிர்லயும் வெச்சிருக்கலாம், மூடி மேல" என்றாள். பதினெட்டு வருஷமாக நானாகத் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். கேட்டிருந்தால் இவள் கூப்பிட்டிருப்பாள் போலிருக்கிறது. நான் கேட்கவில்லை. பெருமைக்காரி அல்லவா, மறுத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்கவே இல்லை.

அந்த இடத்திலிருந்தே போன் போட்டாள். முதலில் மணி அடித்து அடித்து நின்றது. நாலாவது முறை எடுத்தார்கள். உன்னோடு பட்டாளக் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்து இந்தியில் அவள் கூட்டிக்கூட்டிப் பேசினாள். கிளார்க் ஒருவர் எழுதிக்கொண்டார். இருதயராஜ் அங்கேதானே இருக்கிறார் என்று கேட்டாள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். வானம் தெளிவாக இருந்ததால் வண்டியை முன்னாலேயே கிளப்பிவிட்டார்களாம். வெள்ளிக்கிழமை காலையிலேயே மேலே புறப்பட்டுவிட்டானாம். வயர்லெஸ்ஸில் சொல்லி அனுப்புகிறோம் என்றாராம் கிளார்க். சொன்னார்களா, யாரிடம் சொன்னார்கள், அவர்கள் உன்னிடம் சொன்னார்களா, ஒன்றும் தெரியவில்லை. இன்று காலையிலிருந்து சுதா போட்டுப் பார்க்கிறாள், யாரும் எடுக்கவில்லை. ஒரு பெட்டி மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, ஒரு சொல் பின்னாலேயே ஏறிக்கொண்டிருக்கிறது. எது முன்னால் வந்து சேரும் என்று தெரியாமல் இங்கே மூன்று பெண்கள் உட்கார்ந்திருக்கிறோம்.

பிரியாவிடம் வீட்டுக்கு வந்ததும் நானே சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்த வட்டக் காகிதம் எங்க ஆயா?" என்று மட்டும் கேட்டாள். குப்பைவண்டியில் போய்விட்டது என்றேன். "ரெண்டுலயும் எடுத்தியா?" என்றாள். ஆமாம் என்றேன். தன் கையை விரித்து வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "நான்தான் மூடியில அப்படி எழுதினேன். நெஞ்சுன்னு எழுதாம இருந்திருக்கலாம். பாக்கெட்டுன்னு எழுதியிருக்கலாம், பைன்னு எழுதியிருக்கலாம்" என்றாள். அதிலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நேற்று ராத்திரியும் சாப்பிடவில்லை, இன்று காலையும் சாப்பிடவில்லை. சாதத்தைப் பிசைந்து கையில் உருட்டிக் கொடுத்தேன். வாங்கித் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

ஆனால் உட்கார்ந்து ஒரு தாளில் படம் போட்டிருக்கிறாள். அதை இதோடு வைத்திருக்கிறேன். பெட்டியை நீ திறக்க வேண்டாம். உங்களில் வயர்லெஸ் செட்டு பார்க்கிற ஆளிடம் அந்தப் படத்தைக் காட்டு. எந்தக் கம்பியை முதலில் கழற்ற வேண்டும், எதை எதோடு சேர விடக்கூடாது என்று சிவப்பு மையில் போட்டிருக்கிறாள். தொட்டால் சுட்டாலும், செல் உப்பியிருந்தாலும், பழம் அழுகினது போல வாசனை வந்தாலும், கிட்டேயே போகக் கூடாதாம். அப்படியே பனியில் விட்டுவிட வேண்டுமாம். விளையாட்டுப் போனால் போகட்டும், அப்பா வந்ததும் வேறு செய்யலாம் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறாள். அந்த வரியை மட்டும் இரண்டு முறை அழித்து எழுதியிருக்கிறாள், பார்த்தாலே தெரியும்.

நைனா, இன்னொன்றும் எழுத வேண்டும், அதற்காகத்தான் இந்த இரண்டாவது கடிதம். உன் மகள் செய்த பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. அவள் செய்து கொடுத்தபடி இருந்திருந்தால் அது உன் கையில் பத்து வருஷம் ஓடியிருக்கும். ஏதாவது ஆனால், ஆகக் கூடாது, ஆனால், அது பெட்டியால் ஆனதல்ல, மூடியில் எழுதிய வரியாலும் ஆனதல்ல. மஞ்சள் டேப்பை உரித்தவள் கன்னியம்மாள், காகித வட்டத்தை எடுத்தவள் கன்னியம்மாள். இதை யார் கேட்டாலும் காட்டலாம். நாளைக்கு அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாலும் காட்டலாம். அதனால் இதைப் பிரதி எடுத்து சுதாவின் பீரோவில் ஒன்று வைத்திருக்கிறேன்.

முனியம்மா இன்று குழாயடியில், "இன்னா கன்னிம்மா, பேத்தி பொட்டி ஊர் போய் சேந்துச்சா" என்று கேட்டாள். சேரவில்லை என்றேன். இன்னும் சேராமல் இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது. இருதயராஜுக்காகவும் வேண்டிக்கொள்கிறேன். அவனும் ஒருத்தி பெற்ற பிள்ளைதான். நான் பொட்டு வைத்ததைத்தான் அவன் பைக்குள் சுமந்துகொண்டு ஏறுகிறான்.

கார்ஷெட்டுக்கு ரயில் திரும்புகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் பிரியா நிமிர்ந்து பார்க்கிறாள். அவள் விளையாட்டில் முட்டாமல் நிறுத்தினால் ஒரு மணி அடிக்கும். அந்த மணிச் சத்தம் நம் பழைய அலாரக் கடிகாரத்தில் பதிந்தது. நீ அதைக் கேட்டதும் அடையாளம் கண்டுபிடிப்பாய் என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

கடைசியாக ஒன்று. அந்த வயர்லெஸ்காரர் பெட்டியைத் திறந்ததும் உள்ளே நான் வைத்தது காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அம்மா வைத்தது, பூஜையில் வைத்தது, பொட்டை அழிக்கலாமா என்று உனக்குக் கை வராது. சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான், வாசல் கோலத்தைக்கூடத் தாண்டித்தான் போவாய், மிதிக்க மாட்டாய். எனக்குத் தெரியும். நான் சொல்கிறேன், அழித்துவிடு. ஒரு துளிகூட மிச்சம் வைக்காதே. அதில் பாவம் ஒன்றும் இல்லை. நான் வைத்ததை நீ துடைத்துவிட்டாய் என்று உன் கைப்பட ஒரு வரி எழுதிப் போடு. அது வரும்வரை நான் இந்த வாசலை விட்டு எங்கேயும் போக மாட்டேன்.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும். சுதா இன்று கடைக்குப் போய்ப் புதிதாகக் குங்குமம் வாங்கிவந்து, தன் நெற்றிக்கென்று சிமிழை விளிம்பு வரைக்கும் நிரப்பி வைத்திருக்கிறாள்.

நீ அந்தப் பெட்டியில் இருப்பதை மட்டும் துடை.

உன் வழியையே பார்த்திருக்கும்
அம்மா
கன்னியம்மாள்